பரப்புவதோடு நின்றுவிடாதீர்கள்: ஊர்ப் போராட்டங்களில் முன்நிற்கும் இளையோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

ஏரிக்குள் மண் கொட்டுவதைப் படம் எடுத்துப் போடுகிறீர்கள். அனுமதித்த ஆழத்துக்கு மேல் தோண்டும் கல்குவாரியிலிருந்து எத்தனை லாரி போகிறது என்று எண்ணிப் பதிவிடுகிறீர்கள். சுடுகாட்டுக்குப் பாதை மறுக்கப்பட்ட தெருவுக்காகப் பொதுவெளியில் வாதாடுகிறீர்கள். யாரிடமும் சம்பளம் வாங்காமல், கைபேசி ஒன்றை மட்டும் நம்பி இதையெல்லாம் செய்கிறீர்கள். மாவட்டச் செய்தியாளனாக நெடுங்காலம் வேலை பார்த்தவன் நான். உங்கள் மேல் எனக்கு உள்ள மரியாதைதான் இந்த மடலை எழுத வைக்கிறது.

உங்கள் கூட்டங்களில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. "பேப்பர்காரங்க வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். மீடியா இப்ப நம்ம கையிலேயே இருக்கு." இந்தப் பேச்சில் பாதி உண்மை. மற்ற பாதியை நம்பி இறங்கினால் நீங்கள் பாடுபட்டுச் சேர்த்ததெல்லாம் கைநழுவிப் போகும் என்று அஞ்சுகிறேன்.

உண்மையான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களில் பலருக்குத் தெரியாத ஒரு ஏற்பாடு பத்திரிகைத் தொழிலில் உண்டு. தமிழ் நாளிதழ் என்று நாம் சொல்வது ஒரே பேப்பர் இல்லை. நெல்லைப் பதிப்பு, மதுரைப் பதிப்பு, கோவைப் பதிப்பு என்று பல. அவற்றுக்குள்ளும் மாவட்டத்துக்குத் தனித்தனிப் பக்கங்கள். ஓர் ஊர்ச் சனம் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்தால் அந்த மாவட்டப் பக்கத்தில் படத்தோடு செய்தி வரும். மனு கொடுத்தவர்கள் காலையில் டீக்கடையில் பேப்பரைப் பிரித்துப் பார்த்து, நம் குரல் வெளியே போய்விட்டது என்று நம்புவார்கள். பக்கத்து மாவட்டத்துக்குக்கூட அது போயிருக்காது. கோட்டையில் இருப்பவர் மேசைக்கு வரும் சென்னைப் பதிப்பில் அதற்கு இடமே இருக்காது. ஊருக்கு ஊர் செய்தி கொடுக்க வேண்டும் என்று கொண்டுவந்த ஏற்பாடு, ஊர்ப் போராட்டங்களை ஊருக்குள்ளேயே அடைத்தும் வைத்தது.

அந்தச் செய்தியை எழுதுகிறவரின் நிலைமையையும் தெரிந்துகொள்ளுங்கள். சின்ன ஊர்களில் அவர் பெரும்பாலும் பகுதிநேர நிருபர். வெளியாகும் செய்திக்குத்தான் காசு. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் விளம்பரம் பிடித்துக் கொடுக்கும் பொறுப்பும் அவர் தலையில். குவாரி அதிபரிடம் போய் வாழ்த்து விளம்பரம் கேட்கிற மனிதரால் அதே குவாரியைப் பற்றி எவ்வளவு எழுத முடியும்? எழுதினாலும் டெஸ்க்கில் என்ன ஆகும்? நல்ல நிருபர்கள் இந்தச் சுவரில் முட்டி முட்டிச் சோர்ந்துபோனதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். இந்தச் சுவரை உங்கள் கைபேசி உடைத்தது. அதை யாரும் மறுக்க முடியாது.

தூத்துக்குடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டெர்லைட் ஆலை 1990-களின் நடுவிலிருந்து அங்கே இருந்தது. அதை எதிர்த்த குரலும் அன்றிலிருந்தே இருந்தது. 2013 மார்ச்சில் வாயு கசிந்து ஊரே கண்ணெரிந்து மூச்சுத் திணறியது. 2018 பிப்ரவரியில் குமரெட்டியார்புரம் கிராமத்தார் ஆலை விரிவாக்கத்தை எதிர்த்து மரத்தடியில் உட்கார்ந்தார்கள். பழைய காலமாக இருந்தால் அது நெல்லைப் பதிப்பின் உள்பக்கச் செய்தியாகவே முடிந்திருக்கும். இந்த முறை காணொளிகளாகவும் குரல்பதிவுகளாகவும் ஊர் ஊராகப் போனது. மார்ச் 24 அன்று தூத்துக்குடி நகரில் கூடிய கூட்டத்தைப் பார்த்து ஆட்சியாளர்கள் திகைத்தார்கள். பெரிய ஊடகங்கள் அதற்குப் பிறகுதான் தூத்துக்குடிப் பக்கம் திரும்பின.

அதற்கு முந்தைய ஆண்டு மெரினாவிலும் இதுவே நடந்தது. 2017 ஜனவரி 17 அன்று ஜல்லிக்கட்டுக்காகக் கடற்கரையில் உட்கார்ந்த சில நூறு பேர், கட்சி இல்லாமல், தலைவர் இல்லாமல், இரண்டே நாளில் மணல் தெரியாத கூட்டமானார்கள். மதுரை தமுக்கத்திலும் கோவை வ.உ.சி. மைதானத்திலும் கூடினார்கள். கூட்டம் பெருகிய பிறகு தொலைக்காட்சி வண்டிகள் வந்து நின்றன. ஜனவரி 21 அன்று ஜல்லிக்கட்டுக்கான அவசரச் சட்டம் வந்தது. 23 அன்று சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. 2014-ல் உச்ச நீதிமன்றம் விதித்த தடையை ஆறு நாளில் ஒரு கூட்டம் அசைத்தது. திரட்டுவதில் இணையத்துக்கு ஈடு இல்லை என்று நானும் ஒப்புக்கொள்கிறேன்.

இனி மற்ற பாதிக்கு வருகிறேன். அதற்கு உங்களைக் கொஞ்சம் பின்னால், கைபேசியே இல்லாத ஒரு காலத்துக்கு அழைத்துப் போக வேண்டும்.

1992 ஜூன் 20. தருமபுரி மாவட்டம், சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி என்ற பழங்குடிக் கிராமம். சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையைச் சேர்ந்த 269 பேர் ஊருக்குள் புகுந்தார்கள். மக்களை ஆலமரத்தடியில் கூட்டி வைத்து அடித்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். வீடுகளை இடித்தார்கள், தானியத்தைப் பாழாக்கினார்கள், கிணற்றைக் கெடுத்தார்கள். பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கு மேற்பட்டோரைச் சிறையில் அடைத்தார்கள். இவ்வளவும் நடந்தும் அடுத்த நாள் எந்தப் பேப்பரிலும் இது வரவில்லை. வெளியே தெரியவே வாரங்கள் ஆயின. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தினர் ஊருக்குப் போனபோது வீடுகள் வெறிச்சோடிக் கிடந்தன. தெரிந்த பிறகும் அரசு அப்படி எதுவும் நடக்கவில்லை என்றே சொல்லிவந்தது.

அன்று உங்களில் ஒருவர் அங்கே கைபேசியோடு இருந்திருந்தால் அன்று மாலையே உலகம் அறிந்திருக்கும். அந்த வாரங்களின் மௌனத்துக்கு அச்சு ஊடகம்தான் பதில் சொல்ல வேண்டும். நானும் அந்தத் தொழிலில் இருந்தவன்; இதை மறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். சங்கத்தினர் சிதறிக் கிடந்த மக்களைத் தேடிப் போய் ஒவ்வொருவரிடமும் நடந்ததைக் கேட்டு எழுதினார்கள். மனு மேல் மனு போட்டார்கள். மார்க்சிஸ்ட் கட்சியின் அ. நல்லசிவன் நீதிமன்றம் போனார். தேசிய பட்டியல் சாதிகள், பழங்குடிகள் ஆணையத்தின் விசாரணை அறிக்கை வந்தது. பத்திரிகைகள் தாமதமாகவேனும் எழுதின. எழுதியது தேதியோடு அச்சில் நின்றது. 1995-ல் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐ-யிடம் கொடுத்தது. சீருடைக்காரர்களை வரிசையாக நிறுத்தி நடத்திய அடையாள அணிவகுப்பில் அந்தப் பெண்கள் எதிரே நின்று, இவன்தான், இவன்தான் என்று கைநீட்டினார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது 269 பேரில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தார். தீர்ப்புக்கு முன் அவர் வாச்சாத்திக்கே நேரில் போய்ப் பார்த்தார்.

சம்பவத்திலிருந்து 31 ஆண்டுகள். இத்தனை காலம் அந்த வழக்கு உயிரோடு இருந்ததற்குக் கூட்டம் காரணமில்லை. காகிதமும் அதைக் காத்த மனிதர்களுமே காரணம். ஆட்சிகள் மாறின, அதிகாரிகள் ஓய்வு பெற்றார்கள், சாட்சிகளில் சிலர் இறந்தார்கள். எழுதி வைத்தது மாறவில்லை. உங்கள் போராட்டம் ஒன்று 31 ஆண்டு நடக்க வேண்டியிருந்தால், இன்று நீங்கள் போட்டுக்கொண்டிருக்கிற பதிவுகளில் எது 31-வது ஆண்டில் நீதிபதியின் மேசையில் இருக்கும்? என்னை உறுத்தும் கேள்வி இது ஒன்றுதான். மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைத்ததே.

2017 ஜனவரி 23 அன்று மெரினாவிலிருந்து கூட்டத்தை அப்புறப்படுத்தியபோது அருகில் இருந்த நடுக்குப்பத்தின் மீன் சந்தை எரிந்தது. கூட்டத்துக்குத் தண்ணீரும் சோறும் கொடுத்த மீனவச் சனம் அடிபட்டது. சீருடையில் இருந்தவர்கள் வண்டிகளுக்குத் தீ வைப்பதாகக் காட்டும் காணொளிகள் அன்று மாலைக்குள் உலகத் தமிழர் கைபேசிகளுக்கெல்லாம் போய்விட்டன. அவற்றை எடுத்தவர் யார், எங்கே நின்று எடுத்தார், எத்தனை மணிக்கு எடுத்தார், அசல் எந்தக் கைபேசியில் இருந்தது? இந்த விவரங்களோடு அவை யாரிடமாவது பத்திரமாக இருக்கின்றனவா என்று இன்று தேடிப் பாருங்கள். நீங்கள் கண்டெடுப்பது பெரும்பாலும் யாரோ பெயரும் பாட்டும் சேர்த்து வெட்டி ஒட்டிய பிரதிகளாகவே இருக்கும். ஜல்லிக்கட்டுக்குச் சட்டம் கிடைத்தது. நடுக்குப்பத்துக்கு நடந்தது கூட்டத்தின் நினைவிலிருந்து மிக விரைவில் விலகிப் போனது.

தூத்துக்குடியில், போராட்டத்தின் நூறாவது நாளான 2018 மே 22 அன்றும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள். சீருடை இல்லாத ஒருவர் காவல்துறை வேன் மேல் ஏறி நின்று துப்பாக்கியால் குறிபார்க்கும் காட்சியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்தக் காட்சி தொலைக்காட்சிக் கேமராவில் பதிவானது. அதைக் கோடிப் பேரிடம் கொண்டுசேர்த்தது இணையம். அதைப் படம்பிடித்தவர் அங்கே போயிராவிட்டால் நீங்கள் பரப்ப எதுவும் இருந்திருக்காது. நீங்கள் பரப்பியிராவிட்டால் அது ஒரு சேனலின் பகல் செய்தியோடு அடங்கியிருக்கும். இரண்டும் சேர்ந்தபோதுதான் யாராலும் மறுக்க முடியாத ஒன்றாக அது நின்றது.

மே 23 அன்றே மாநில அரசு தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் ஐந்து நாளுக்கு இணையத்தை நிறுத்த உத்தரவிட்டது. பிள்ளைகளைக் காணாத வீடுகளுக்கும் மருத்துவமனை வாசலில் நின்றவர்களுக்கும் தொலைபேசிக் குரலும் தொலைக்காட்சியும் அச்சுத்தாளும்தான் மிஞ்சின. இணையத்தை நிறுத்த, 2017-ல் வந்த விதிகளின்படி அன்று உள்துறைச் செயலரின் ஒரு கையெழுத்து போதுமானதாக இருந்தது. காஷ்மீர் இணையத் தடை வழக்கில் 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட உத்தரவுகளை வெளியிட வேண்டும், காலவரையின்றி நிறுத்தக் கூடாது என்று சொன்னது. அது நல்ல தீர்ப்பு. ஆனால் தீர்ப்பைப் படித்து வழக்குப் போட்டு இணையம் திரும்புவதற்குள் உங்கள் கூட்டம் கலைந்திருக்கும். "மீடியா நம்ம கையில" என்று சொல்லும்போது அதன் சுவிட்ச் யார் கையில் இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அச்சையும் தொலைக்காட்சியையும் அரசு சும்மா விட்டதா என்று கேட்பீர்கள். விடவில்லை. அதே 2018 ஜூனில், கோவையில் நடத்திய ஒரு விவாத நிகழ்ச்சிக்காகப் புதிய தலைமுறை தொலைக்காட்சி மீது வழக்குப் பாய்ந்தது. அக்டோபரில் நக்கீரன் ஆசிரியர் கோபால் கைதானார். ஆனால் அன்று எழும்பூர் நீதிமன்றத்தில் மூத்த பத்திரிகையாளர் என். ராம் எழுந்து நின்று பேசினார். நீதித்துறை நடுவர் கோபாலைக் காவலில் அனுப்ப மறுத்து அன்றே விடுவித்தார். ஒரு தொழில், ஒரு சங்கம், ஒரு வழக்கறிஞர் பட்டாளம் என்று அவர் பின்னால் ஒரு வரிசை இருந்தது. ஒரு பதிவுக்காக இரவு பதினொரு மணிக்குக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போகப்படும் கல்லூரி மாணவனுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் தூக்கி எறிந்தது உண்மைதான். பிற பிரிவுகள் நிறைய இருக்கின்றன. கந்துவட்டிக் கொடுமையில் ஒரு குடும்பம் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் தீக்கிரையானதை ஒட்டி வரைந்த கேலிச்சித்திரத்தை இணையத்தில் போட்டதற்காக 2017 நவம்பரில் கார்ட்டூனிஸ்ட் பாலா கைதானார். அவருக்காவது பெயர் இருந்தது.

அச்சுக்கு இன்னொரு கட்டுப்பாடு உண்டு. அதைப் பலர் கவனிப்பதில்லை. எந்த நாளிதழை வேண்டுமானாலும் எடுத்து அதன் கடைசி வரிகளைப் பாருங்கள். ஆசிரியர் யார், வெளியிடுபவர் யார், எந்த அச்சகத்தில் அச்சானது என்று இருக்கும். 1867-ல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த சட்டத்திலிருந்து வந்த வழக்கம் அது. பத்திரிகைகளைக் கண்காணிக்கத்தான் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தான். ஆனாலும் அதில் ஒரு நன்மை விளைந்தது: அச்சான ஒவ்வொரு சொல்லுக்கும் பதில் சொல்ல ஒரு ஆள் இருந்தார். நீங்கள் ஊரில் அடிக்கும் துண்டறிக்கையின் அடியில்கூட அச்சகத்தின் பெயர் இருக்கும். தப்பாக எழுதினால் மறுப்பு கேட்டு ஆசிரியரின் வாசலில் போய் நிற்கலாம். வாட்ஸ்அப்பில் நாலாவது கை மாறி வரும் செய்திக்கு எந்த வாசலில் போய் நிற்பது?

2018 மே மாதம் தூத்துக்குடியின் துயரத்தை உலகுக்குச் சொன்ன அதே கைபேசிகளில்தான், குழந்தை கடத்தும் கும்பல் வந்திருக்கிறது என்ற வதந்தியும் அந்த மாதம் முழுக்கச் சுற்றியது. தூத்துக்குடிக்கு இரண்டு வாரம் முன்பு, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த மூதாட்டி ஒருவரை ஊர் கூடி அடித்துக் கொன்றது. அந்த வதந்தியைப் பரப்பியவர்களும் நம் ஊர் நல்லவர்கள்தான். பிள்ளைகளைக் காப்பாற்றுகிறோம் என்றே ஒவ்வொருவரும் அழுத்தினார்கள். ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் தமக்கு வந்த ஒரு செய்தியை ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாதபடி செய்தது. அதற்குள் நாடு முழுக்கப் பல உயிர்கள் போயிருந்தன.

அச்சு இதில் சுத்தம் என்று சொல்ல வரவில்லை. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று வேறெங்கோ நடந்த சம்பவங்களின் காணொளிகள் பரவி, திருப்பூரிலிருந்து தொழிலாளர்கள் அஞ்சி ரயிலேறியபோது, வட இந்தியப் பெரிய நாளிதழ் ஒன்றும் அதை விசாரிக்காமல் வெளியிட்டது. ஆனால் அந்த நாளிதழின் ஆசிரியர் மீது வழக்குப் போட முடிந்தது. பொய்க் காணொளியை முதலில் அனுப்பியவரைத் தேடுவது எவ்வளவு பெரிய பாடு என்பது உங்களுக்கே தெரியும்.

நல்லவர்களுக்கு மட்டும் கிடைத்த கருவி இல்லை இணையம் என்பதற்குக் கோகுல்ராஜ் கொலை வழக்கைவிட வேறு சாட்சி வேண்டாம். 2015 ஜூனில் அந்தத் தலித் இளைஞர் கொல்லப்பட்டார். தேடப்பட்ட முதன்மைக் குற்றவாளி தலைமறைவாக இருந்தபடியே வாட்ஸ்அப்பில் குரல்பதிவுகளை வெளியிட்டுச் சாதிப் பெருமை பேசினார். தொலைக்காட்சியும் அவரைத் தேடிப் பிடித்துப் பேட்டி ஒளிபரப்பியது. இரண்டு ஊடகங்களும் சேர்ந்து அவரை ஒரு நாயகனாக்கின. வழக்கு நடக்கும்போது முக்கியச் சாட்சி பிறழ்சாட்சியானார். அந்த நிலையிலும் வழக்கு நின்றதற்குப் பெரும் துணையாக இருந்தது திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவு. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்றது. 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கொலைகாரருக்குக் கைதட்டிய ஆயிரக்கணக்கான பின்னூட்டங்கள் எங்கே போயினவோ, யாருக்குத் தெரியும். முறையாகக் கைப்பற்றி, சான்றிதழோடு நீதிமன்றத்தில் வைத்த அந்தச் சில நிமிடப் பதிவு நின்றது.

சான்றிதழ் என்றேன். இதைக் கவனமாகக் கேளுங்கள். மின்னணுப் பதிவு எதுவானாலும், அது எந்தக் கருவியிலிருந்து எப்படி எடுக்கப்பட்டது என்ற சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றம் அதன் பிரதியைச் சாட்சியமாக ஏற்காது. பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி என்று வழக்கறிஞர்கள் சொல்வார்கள். 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-வது பிரிவு. கருவியை வைத்திருப்பவரும் ஒரு வல்லுநரும் கையெழுத்திட வேண்டும். கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்பையும் குறிக்க வேண்டும். அசல் கைபேசியையே அதன் உரிமையாளர் நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தால் சான்றிதழ் தேவையில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் கோப்பு சுருங்கும், எடுத்த நேரம், இடம் பற்றிய தகவல்கள் உதிரும். லட்சம் பேர் பார்த்த உங்கள் காணொளி நீதிமன்ற வாசலில் வெறும் கேள்விப்பட்ட கதையாக நிற்பதற்கு இதுதான் காரணம்.

நிறுவனங்களை நம்பிக் களஞ்சியம் கட்டுவதும் ஆபத்து. ஆர்குட்டில் நம் முந்தைய தலைமுறை இளைஞர்கள் எவ்வளவோ விவாதித்தார்கள். 2014 செப்டம்பர் 30 அன்று அதை மூடிவிட்டார்கள். டிக்டாக்கில் கட்டடத் தொழிலாளியும் களை எடுக்கும் பெண்ணும் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே சொன்னார்கள். எந்தத் தமிழ்ப் பத்திரிகையும் அவர்களுக்கு அவ்வளவு இடம் கொடுத்ததில்லை. 2020 ஜூன் 29 அன்று வந்த ஒரே அறிவிப்பில் அது போயிற்று.

இதோடு ஒன்றை வைத்துப் பாருங்கள். 1907-ல் சென்னை ராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைத் தொடங்கினார். அன்றைய பெரிய பத்திரிகைகள் அவருடைய சனத்தின் குரலுக்கு இடம் தராதவை. அதற்காக அவர் அச்சை வெறுக்கவில்லை. தானே ஒரு பத்திரிகை நடத்தினார். அதற்கும் முன்பே, 1893-ல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' நடத்தினார். 1925-ல் பெரியார் ஈரோட்டிலிருந்து 'குடி அரசு' கொண்டுவந்தார். அயோத்திதாசரைத் தமிழகம் பல பத்தாண்டுகள் மறந்தே இருந்தது. 1999-ல் ஞான. அலாய்சியஸ் அவருடைய எழுத்துகளைத் தொகுத்து வெளியிட்டபோது அவர் மீண்டும் நம் நடுவே வந்து நின்றார். அந்தப் பழைய இதழ்களை யாரோ பத்திரமாக வைத்திருந்ததால் அது நடந்தது. போராடியவர்கள் எல்லாக் காலத்திலும் தங்களுக்கென்று ஓர் ஊடகம் கண்டார்கள். நீங்களும் அதைத்தான் செய்கிறீர்கள். அவர்கள் வைத்துவிட்டுப் போனதைப் போல நீங்களும் வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பதே என் கவலை.

சரி, என்ன செய்ய வேண்டும் என்கிறேன்?

எந்தக் காணொளி எடுத்தாலும் தொடக்கத்திலேயே தேதி, நேரம், இடத்தை வாயால் சொல்லுங்கள். வெட்டாத அசலை எடுத்த கைபேசியிலேயே வையுங்கள். பிரதி அனுப்ப வேண்டுமானால் வீடியோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள். இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கி, ஒன்றை உங்கள் வழக்கறிஞரிடமும் இன்னொன்றை வேறு ஊரில் நம்பிக்கையான ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள். ஒரு தடித்த நோட்டு போட்டு அன்றாடம் நடந்ததைப் பேனாவால் எழுதுங்கள்: யார் வந்தார்கள், எந்த அதிகாரி என்ன சொன்னார், எந்த மனு எந்த எண்ணில் பதிவானது. தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு வாங்கும் பதிலைக் கோப்பில் சேருங்கள். வாச்சாத்திக்காகப் பாடுபட்டவர்கள் இதைவிடக் குறைந்த வசதியில் இதைத்தான் செய்தார்கள்.

பாதிக்கப்பட்டவரின் முகத்தை அவரைக் கேட்காமல் போடாதீர்கள். பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் பெயர், படம், ஊர், பள்ளி, உறவினர் எதையும், எந்தக் கோபத்திலும் போடாதீர்கள். அது குற்றம். அவர் வழக்கையே அது கெடுக்கும். பழைய டெஸ்க்குகளில் சொல்லிச் சொல்லிப் படிய வைத்த பாடம் இது. உங்கள் குழுக்களில் இதைச் சொல்ல ஒருவர் வேண்டும்.

நிருபர்களை ஒதுக்காதீர்கள். உங்கள் ஊர்ப் பகுதிநேர நிருபரால் எழுத முடியாவிட்டால், விளம்பரக் கட்டு இல்லாத வேறொருவரைத் தேடிப் பிடியுங்கள். மாநிலப் பக்கத்துக்கு எழுதக்கூடியவரை, ஆங்கிலத்தில் எழுதுகிறவரை, வார இதழில் இருப்பவரை. கையில் முழுக் கோப்போடு போங்கள். நீங்கள் முழக்கத்தோடு போனால் அவருக்கு ஒரு படமும் நான்கு வரியும் கிடைக்கும். தேதிவாரியாக ஆவணத்தோடு போனால் ஒரு புலனாய்வுச் செய்தி கிடைக்கும். அருணா ஜெகதீசன் விசாரணை ஆணையத்தின் அறிக்கை தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டைப் பற்றி என்ன சொல்கிறது என்பது, 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்படுவதற்கு முன்பே, ஓர் இதழில் வெளிவந்தது. ஓடிக்கொண்டிருந்த மக்களைச் சுட்டார்கள் என்று அந்த அறிக்கை சொன்னதை நாம் முதலில் அறிந்தது ஒரு பத்திரிகையாளரின் உழைப்பால்.

தெருமுனைக் கூட்டத்தையும் கைவிடாதீர்கள். 2015 டிசம்பர் 2 அன்று சென்னை வெள்ளத்தில், 1878-லிருந்து வந்துகொண்டிருந்த 'தி இந்து'வின் சென்னைப் பதிப்பே அச்சாக முடியாமல் போனது. அன்று பல இடங்களில் கைபேசிக் கோபுரங்களும் செத்தன. ஊடகம் எதுவானாலும் அது நிற்கும் நாள் ஒன்று வரும். அன்றைக்குத் துண்டறிக்கையும், தண்டோராவும், தெரு தெருவாக நடந்து போய்ச் சொல்லும் ஆட்களும் உங்களிடம் இருக்க வேண்டும்.

உங்கள் குழுவில் யார் நன்றாகப் பேசுவார், யார் நன்றாக எடிட் செய்வார் என்று உங்களுக்குத் தெரியும். பொறுமையாக எழுதி வைக்கத் தெரிந்த ஒருவரும் கட்டாயம் இருப்பார். சத்தமில்லாமல் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பார். இன்றே அவரைப் பதிவாளராக அமர்த்துங்கள். சென்ற வாரம் எடுத்த காணொளியிலிருந்தே அவர் தொடங்கட்டும். எடுத்தவரின் கைபேசியில் அது இன்னும் அழியாமல் இருக்கும்.

அன்புடன்,
உங்கள் மாவட்டத்து முன்னாள் செய்தியாளன்